பதினாறு வயதில் ஒரு ஜெர்மன் வீட்டில்

(சேலம் மாவட்டத்து நெசவூரான இளம்பிள்ளையில் பெற்றோருக்கும் மாணவருக்குமாக நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை ஜெர்மனிக்குப் போகிறது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் தங்குகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓராண்டு படிக்கிறது. ஜெர்மன் பேசிக்கொண்டு திரும்பி வருகிறது. மாணவர் பரிமாற்றம் எனப்படும் இந்த ஏற்பாடே இன்றைய பொருள்.

இது நேற்று முளைத்த வழக்கமா? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, முந்நூறு ஆண்டுக்கு முன்பே இதற்கு ஒரு தொடக்கம் உண்டு.

1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் ஜெர்மன் சமயப் பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. ஒரு சொல் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து, விரலால் எழுத்து எழுதிப் பழகினார். ஊராரோடு ஓயாமல் பேசினார். சில ஆண்டுகளில் தமிழிலேயே எழுதினார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. ஜெர்மானியர் ஒருவர் இங்கு வந்து தமிழ் கற்ற கதை இது. பள்ளிப் பாடநூல்களில்கூட இடம் பெற்றிருக்கிறது.

இங்கிருந்து அங்கு போன பிள்ளைகளின் கதைதான் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1711-இல் சீகன்பால்கின் தோழர் புளூட்சௌ தாயகம் திரும்பியபோது, திமொத்தேயு குடியான் என்ற தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, மலையப்பன் என்ற பிள்ளை உடன் சென்றார். அப்போது மலையப்பனுக்கு வயது சுமார் பதினான்கு. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும் கடல்வழி அது. சேர்ந்த இடம் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே ஃபிராங்கே என்ற இறையியலாளர் அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் நடத்திவந்தார். 1716-இல் அந்த நகரத்தில்தான் சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் லத்தீன் மொழியில் அச்சானது. அந்நூல் உருவான காலத்தில் பக்கத்திலிருந்து தமிழ் பேசியவர் மலையப்பன். அதே 1716-இல் அவர் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

இதைப் பரிமாற்றம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. திருப்பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் கண்ணால் காணட்டும் என்ற எண்ணமும் அந்தப் பயணங்களில் இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீகன்பால்கு தமிழ் கற்றதும் சரி, மலையப்பன் போன்றவர்கள் ஐரோப்பிய வாழ்வுக்குப் பழகியதும் சரி, பிறர் நடுவே, பிறர் சோற்றைத் தின்றுகொண்டுதான் நடந்தது. அகராதியும் இலக்கணமும் பிறகு வந்தன.

ஜெர்மனிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளில் இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களை எந்த நிறுவனமும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஏதிலிகளாக ஜெர்மனி போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகள். போய்ச் சேர்ந்த சில காலத்திலேயே பள்ளியில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அப்பா அம்மாவுக்காக அரசு அலுவலகத்தில் மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். வார இறுதியில் தமிழ் வகுப்பு, வார நாளில் ஜெர்மன் பள்ளி. ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்குப் போனால், வடம் பிடிக்கும் இளைஞர்கள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். தமிழ்ப் பிள்ளையின் நாவுக்கு ஜெர்மன் வருமா என்று யாராவது கேட்டால், காட்ட வேண்டிய சான்று அவர்கள்தாம்.

சரி, இன்று ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை எந்த வழியாகப் போகலாம்?

ஒரு வழி ரோட்டரி. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை ரோட்டரியின் கணக்கில் 2982 என்ற எண்ணுள்ள மாவட்டம். பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கான பரிமாற்றத்தை ரோட்டரி சங்கங்கள் நடத்துகின்றன. ஒரு கல்வியாண்டு முழுக்கத் தங்குவது நீண்டகாலப் பரிமாற்றம்; சில வாரம் தங்குவது குறுகியகாலப் பரிமாற்றம். இன்னொரு வழி ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் தொடங்கிய அமைப்பு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1947 முதல், பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. மூன்றாவது வழி, ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் 2008-இல் தொடங்கிய ‘பாஷ்’ பள்ளித் திட்டம். உலகெங்கும் ஏறத்தாழ 2,000 பள்ளிகள் இதில் இணைந்திருக்கின்றன. இந்தப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, உதவித்தொகையுடன் ஜெர்மனியில் மூன்று வாரம் அளவுக்கு இளையோர் முகாம் கிடைக்கிறது.

மூன்று வாரம் போதுமா? ஆசை மூள்வதற்குப் போதும். மொழி படிவதற்குப் போதாது.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வேறொரு வசதி உண்டு. 1983 முதல் அமெரிக்கக் காங்கிரசும் ஜெர்மன் நாடாளுமன்றமும் சேர்ந்து, ஆண்டுதோறும் இரு பக்கமும் பிள்ளைகளை முழுச் செலவும் ஏற்று அனுப்புகின்றன. இந்தியாவில் ஜெர்மன் பட்ட பாடு வேறு. கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் 2011 ஒப்பந்தத்தின்படி ஜெர்மன் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்பட்டது. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், அது நிறுத்தப்பட்டு அந்த இடத்தில் சமற்கிருதம் வந்தது. சுமார் 70,000 பிள்ளைகள் பாதி வழியில் நின்றார்கள். பிரிஸ்பேனில் நடந்த ஜி-20 மாநாட்டில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் மெர்கெல் இதை இந்தியப் பிரதமரிடமே பேசினார். மறு ஆண்டில் கூடுதல் அயல்மொழி என்ற இடம் ஜெர்மனுக்குக் கிடைத்தது. ஒரு பாடத்தை ஆண்டு நடுவில் பிடுங்கிவிட்டுப் பிறகு விருப்பப் பாடமாக வைத்தால் எத்தனை பிள்ளை திரும்பி வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இளம்பிள்ளைப் பிள்ளைக்கு முதற்படி தானே தேடிப் படிப்பதுதான். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று ஊரார் சொல்லும் கோதே நிறுவனம் இருக்கிறது. கோயம்புத்தூரில் அதைச் சார்ந்த மையம் இருக்கிறது. இணைய வழியிலும் வகுப்பு உண்டு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. போகும்முன் ஏ1 இருந்தால் வணக்கம் சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம், வழி கேட்கலாம். வழி சொன்னால் புரியாது. ஏ2 இருந்தால் பாதி புரியும். ஓராண்டு தங்கித் திரும்பும் பிள்ளைகளில் பலர் பி1-ஐத் தாண்டுகிறார்கள். பிடிவாதக்காரர்கள் பி2 எழுதித் தேறுகிறார்கள்.

ஜெர்மன் கடினம், கடினம் என்கிறார்களே, தமிழ்ப் பிள்ளைக்கும் கடினமா? சில இடத்தில் ஆங்கிலேயப் பிள்ளையைவிட எளிது. வேற்றுமை என்றால் என்ன என்று தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ஐ, ஆல், கு என்று எட்டு வேற்றுமை படித்த பிள்ளை அது. ஜெர்மனில் நான்குதான். ‘நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும்’ என்ற வகை வாக்கியத்தில் ஜெர்மனும் ‘போக’ என்ற வினையை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிடும். கிளை வாக்கியத்திலும் வினை கடைசியில்தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் மூச்சு முட்டும் இடத்தில் தமிழ்ப் பிள்ளை இளைப்பாறுகிறது.

சிக்கல் எங்கே? பாலில். தமிழில் ஆண்பால், பெண்பால் என்பது மனிதருக்கும் தெய்வத்துக்கும், மற்றதெல்லாம் அஃறிணை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். சூரியன் பெண், சந்திரன் ஆண். சின்னப் பெண்ணைக் குறிக்கும் சொல்லோ ஒன்றன்பால்! காரணம் கேட்டுப் பயனில்லை. ‘டெர், டீ, டாஸ்’ என்ற முன்சொல்லைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். குறிப்பேட்டில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று நிற மையால் எழுதிப் படிப்பது அங்கே வழக்கம், நல்ல வழக்கம்.

எண்களும் அப்படியே. ஐம்பத்திரண்டு என்பதை ‘இரண்டும் ஐம்பதும்’ என்று சொல்லுவார்கள். 52-ஆம் எண் பேருந்தில் ஏறு என்றால், முதலில் காதில் விழுந்த இரண்டை முதலில் எழுதிக்கொண்டு, 25-இல் ஏறிப் போய், ஊரின் மறுகோடியில் இறங்கி நிற்காத பரிமாற்ற மாணவர் அரிது.

இனி வீடு. ஓராண்டின் சாரமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

வரவேற்புக் குடும்பம் கூலிக்குச் சோறு போடும் விடுதி அன்று. பெரும்பாலும் கட்டணம் வாங்காமல் ஒரு பிள்ளையைக் கூடுதலாக வளர்ப்பவர்கள். ரோட்டரித் திட்டத்தில் ஓராண்டுக்குள் இரண்டு மூன்று வீடு மாறுவதும் உண்டு. போன முதல் நாள் மாலை. சரியாக ஆறரை மணி. மேசையில் பல தானிய ரொட்டி, பாலாடைக் கட்டி, வெள்ளரித் துண்டு, ஊறுகாய்போல் புளிக்கவைத்த காய். அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. இரவுச் சாப்பாடு அவ்வளவுதான். சூடான சாப்பாடு மதியத்தோடு முடிந்தது. வீட்டுக்கார அம்மா கேட்கிறார், இன்னும் ஒரு துண்டு வேண்டுமா? பிள்ளை சொல்லுகிறது, வேண்டாம். இளம்பிள்ளையில் இதற்கு என்ன பொருள்? “வேண்டாமுங்க” என்றால் இன்னொரு முறை கேளுங்கள் என்று பொருள். “அட, சாப்பிடு கண்ணு” என்று இலையில் விழுந்துவிடும். அங்கே? வேண்டாம் என்றால் வேண்டாம். தட்டு நகர்ந்துவிட்டது. பிள்ளை பசியோடு படுக்கிறது. அந்த அம்மாவிடம் அன்பு குறைவா? இல்லை. சொன்ன சொல்லை நம்புவதுதான் அவர்கள் பார்வையில் மரியாதை. இந்த ஒன்றைக் கிளம்பும் முன் சொல்லிக்கொடுத்தால், முதல் மாதத்து அழுகையில் பாதி குறையும்.

அடுத்தது அழைக்கும் முறை. ஜெர்மனிலும் நீ, நீங்கள் என்ற இரண்டும் உண்டு. தமிழ்ப் பிள்ளை அதை உடனே பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது வீட்டுக்காரரை ‘நீங்கள்’ என்கிறது. அவரோ, என்னை ‘நீ’ என்று சொல், பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். அத்தை, மாமா, சித்தப்பா என்று உறவு வைத்தே பெரியவர்களைக் கூப்பிட்டு வளர்ந்த நாக்கு புரள மறுக்கிறது. பல வாரம் பெயரே சொல்லாமல், எதிரில் வந்து நின்று பேச்சைத் தொடங்குகிற பிள்ளைகள் உண்டு. ஆசிரியரிடம் மட்டும் கட்டாயம் ‘நீங்கள்’. வீட்டில் ‘நீ’, பள்ளியில் ‘நீங்கள்’ என்ற இந்த மாற்றிப் பழக்கம் கைவந்தால், மொழியின் முதுகெலும்பு பிடிபட்டது என்று கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தமும் கூடாது. குப்பையைக் காகிதம், மக்கும் குப்பை, பொருள் பொதிந்து வந்த நெகிழி என்று தனித்தனித் தொட்டியில் போட வேண்டும். தென் பகுதிக் கிராமம் என்றால் வகுப்பில் படித்த ஜெர்மன் ஒன்று, வீட்டுப் பாட்டி பேசுவது வேறொன்று. அதற்குத் தமிழ்ப் பிள்ளை திகைக்காது. செய்தி வாசிப்பவர் தமிழும் சேலத்துச் சந்தைத் தமிழும் வேறு என்று தெரிந்து வளர்ந்த பிள்ளைதானே?

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எட்டு மணிக்கு முன்பே மணி அடித்துவிடும். சீருடை இல்லை. அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணமும் இல்லை. மதிப்பெண் ஒன்று முதல் ஆறு வரை, ஒன்றுதான் உயர்ந்தது. ஐந்தும் ஆறும் தோல்வி. இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கு மதிப்பெண். பல பாடங்களில் ஏறத்தாழ பாதி மதிப்பீடு அதற்கே. இங்கே அடக்கமான பிள்ளை நல்ல பிள்ளை. அங்கே பேசாத பிள்ளை ஒன்றும் படிக்காத பிள்ளை. தாளில் முதல் மதிப்பெண் எடுத்துப் பழகிய நாமக்கல் பள்ளி மாணவர், வாய் திறக்காத காரணத்தால் ‘ஐந்து’ வாங்கித் திகைப்பதற்கு இதுவே காரணம். தவறான இலக்கணத்தோடு பேசினாலும் அங்கே யாரும் சிரிப்பதில்லை. பேசாமல் இருந்தால்தான் ஆசிரியர் வீட்டுக்குத் தகவல் அனுப்புவார்.

மாலையில் பெரும்பாலும் படிப்பு இல்லை, இங்குபோல் தனிப்பயிற்சி வகுப்பு ஓட்டமும் இல்லை. பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? சங்கங்களுக்கு. கால்பந்துச் சங்கம், நீச்சல் சங்கம், இசைக்குழு, ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் இளையோர் பிரிவு என்று சிற்றூரிலும் நான்கைந்து இருக்கும். வகுப்பறையில் வராத ஜெர்மன், பந்தைத் தா, இந்தப் பக்கம் ஓடு என்ற கூச்சலில் வந்துவிடும். பரிமாற்றத்துக்குப் போகிற பிள்ளை முதல் வாரமே ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் எல்லாரும் சொல்லுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று ஆங்கிலம். பிள்ளை ஒரு வாக்கியத்தில் தடுமாறினால் எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். பெர்லினில் இது மிகுதி, சிற்றூரில் குறைவு. பெரிய நகரம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் பெற்றோர் உண்மையில் மகிழ வேண்டும். இன்னொரு பகைவன் கைப்பேசி. குளிர்காலத்தில் இளம்பிள்ளையில் இரவு ஒன்பது மணி என்றால் அங்கே மாலை நாலரை. டிசம்பரில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். காலை எட்டு மணிவரை விடியாது. பிள்ளை அறைக்குள் போய் அம்மாவின் முகத்தைக் காணொளியில் பார்க்கத் தொடங்கினால் இரவுச் சாப்பாடுவரை பேச்சு ஓடும். உடல் ஜெர்மனியில், வாழ்க்கை இளம்பிள்ளையில். வாரம் ஒருமுறை பேசினால் போதும் என்று பரிமாற்ற அமைப்புகள் சொல்லும்போது பெற்றோருக்குக் கோபம் வருகிறது. வரத்தான் செய்யும். ஆனால் பிள்ளையின் மொழியைத் தடுப்பது பல வேளை வீட்டுப் பாசம்தான்.

மற்ற ஏற்பாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். தொண்ணூறு நாளுக்கு மேல் தங்க நாட்டு விசா வேண்டும்; தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். பெற்றோர் இருவரின் சம்மதம் வேண்டும். மருத்துவக் காப்பீடு வேண்டும். போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். செலவு? ரோட்டரியில் தங்குமிடமும் உணவும் வரவேற்பவர்கள் பொறுப்பு. விமானம், காப்பீடு, விசா பெற்றோர் பொறுப்பு. கட்டணத் திட்டங்களில் பல லட்சம் ஆகும். உதவித்தொகை இல்லாமல் தறிக் குடும்பத்துக்கு அது எட்டாது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

காலமும் இடிக்கிறது. ஜெர்மன் பள்ளிகள் திறப்பது ஆகஸ்டில், சில மாநிலங்களில் செப்டம்பரில். ஆடி முடிந்து தீபாவளி ஆர்டர் குவிந்து, இளம்பிள்ளையில் விசைத்தறி இரவு பகலாக ஓடுகிற நேரம் அது. தார் சுற்றவும், பாவு பிணைக்க ஆள் கூப்பிடவும், சேலை மடித்துக் கட்டவும் வீட்டில் ஒவ்வொரு கையும் தேவைப்படும்போது, ஒரு பிள்ளையை விமானம் ஏற்ற வேண்டும். படிப்புக் கணக்கில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த ஆண்டே தோதானது. 2017-18-இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-இல் நீக்கப்பட்டுவிட்டதால் நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் திரும்பி வந்து பதினோராம் வகுப்பில் ஓர் ஆண்டு பின்தங்கித்தான் சேர வேண்டியிருக்கும். இதை இழப்பு என்று கருதும் வீடு அனுப்பாமல் இருப்பதே நல்லது. பாதி மனதோடு அனுப்பிய பிள்ளை அங்கே பாதி மனதோடுதான் இருக்கும்.

நெசவு தெரிந்த பிள்ளைக்கு அங்கே அந்நியம் குறைவு. கிரேஃபெல்டு நகரம் தன்னைப் பட்டும் வெல்வெட்டும் நெய்த ஊர் என்றே சொல்லிக்கொள்கிறது. அங்கே ஜெர்மன் ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. போடன் ஏரிக்கரையில் உள்ள லிண்டாவு ஊரில்தான் டோர்னியர் தறிகள் செய்கிறார்கள். ஜக்கார்டு அட்டை, பாவு, ஊடை எல்லாம் கண்ட பிள்ளைக்கு அந்த அருங்காட்சியகத்தில் பேச நிறைய இருக்கும்; பேச நிறைய இருந்தால் சொல் தானே வந்து சேரும்.

திரும்பிய பின்? ஓராண்டுப் பரிமாற்றம் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு நேர் வாசல் அன்று. ஜெர்மன் வழிப் பட்டப்படிப்புக்குப் பொதுவாக சி1 அளவு கேட்பார்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். பிளஸ் டூ மட்டும் முடித்தவர் பெரும்பாலும் ஆயத்தக் கல்லூரி வழியாகவோ இங்கே ஓராண்டு கல்லூரியில் படித்த பிறகோதான் சேர முடியும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. தொழிற்பயிற்சிக்கும் செவிலியர் பணிக்கும் போகிறவர்களுக்கு பி1, பி2 சான்றிதழ் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பேசாமல் ஓராண்டு போட்டால் மொழி மங்கிவிடும். வந்த இரண்டு மாதத்துக்குள் தேர்வு எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒன்று. பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும். ரோட்டரி வழியாக ஒரு பிள்ளை போனால், ஒரு பிள்ளை இங்கே வரும். ஓமலூரோ, சங்ககிரியோ, இளம்பிள்ளையோ, ஒரு வீடு கதவைத் திறக்க வேண்டும். அந்த ஜெர்மன் பிள்ளைக்குத் தனி அறை இருந்தால் நல்லது. ஊர் முழுக்க வந்து பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. “வேண்டாம்” என்று அது சொன்னால் இலையில் மறுபடி வைக்காமல் இருக்கப் பழக வேண்டும். அதனோடு ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் ஆசையை அடக்கி, தமிழில் பேச வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் கிளம்புவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்துப் போக நினைக்கும் பிள்ளையின் வீட்டில், ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையிலேயே பேச்சை எடுத்துவிட வேண்டும்.